பெலிகனில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை

அந்த நாற்காலி வேண்டாம், மார்லிஸ். அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னலோரமாக உட்காருங்கள். காபி சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேலேயே வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்கார்லெட் பெலிகன் ஹோட்டலை இடிப்பதற்குள் அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் வாசலில் நிற்கும்போதே "நான் ஓரின் டிபெட்ஸோட பொண்ணு" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் பெலிகன் பறவையைப் பார்த்தவன் எவனும் கிடையாது. டெக்சஸில் டயர் விற்றுச் சம்பாதித்த ஒரு மனிதர் சூதாட்ட ஹோட்டல் கட்டினார், அவர் மனைவிக்கு அந்தப் பறவை பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் சாப்பாட்டோடு பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் தொல்லை. கேட்க உட்கார்ந்தவர்கள் சூதாட எழுந்திருக்கவில்லை. அப்புறம் தலையில் இறகு வைத்த பெண்களின் நடனம் வந்தது. அதற்கும் அதே கதிதான். சூதாட்ட ஹோட்டலில் கேளிக்கையின் வேலை ஆளை உள்ளே கூட்டி வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. ரொம்ப நன்றாக இருந்தால் முதலாளிக்கு நஷ்டம்.

கடைசியில் ஒரு புத்திசாலி வழி கண்டுபிடித்தான். கேளிக்கையை ஆட்ட மேஜைகளுக்கு மேலே அந்தரத்தில் நடத்திவிட்டால் யாரும் இடத்தை விட்டு எழ வேண்டாமே. அப்படித்தான் நானும் என் மனைவி கோரினும் இந்தியானாவிலிருந்து வந்து சேர்ந்தோம். இரண்டு பேருமே சர்க்கஸ் குடும்பம். அவள் ஒரு ஊஞ்சலிலிருந்து பாய்ந்து வருவாள். நான் எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்குவேன், வந்தவளைப் பிடிப்பேன். கயிறுகளுக்கெல்லாம் பொறுப்பு உங்கள் அப்பா.

கூரைக்குள் இன்னொரு கூட்டம் இருந்தது. கண்ணாடித் தரையில் கவிழ்ந்து படுத்து, கீழே சீட்டுப் போடுகிறவன் கையையும் பகடை உருட்டுகிறவன் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். விழுந்தால் தாங்குவதற்காக எங்களுக்குக் கீழே கட்டியிருந்த வலை மேஜைகளை மறைக்கிறது என்று புகார் செய்தார்கள். உடனே வலையின் இரண்டு பக்கத்தையும் வெட்டிக் குறுக்கிவிட்டார்கள். உங்கள் அப்பா ஒருவர்தான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டார்.

"சார், ஓரத்துல விழுந்தா ஆள் போயிரும்."

"பகடை மேஜையில ஒருத்தன் கைவரிசை காட்டினா அதை உன் சம்பளத்துலயா பிடிக்கிறது, டிபெட்ஸ்? போய் முடிச்சைப் போடுப்பா."

கோரினுக்கு வலையைப் பற்றிக் கவலை இல்லை. அவள் வருத்தம் வேறு. கீழே ஒருவரும் தலையைத் தூக்குவதில்லை. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறப்பாள், கீழே அத்தனை பேரும் ஆட்ட மேஜையில் விரித்த பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறங்கியதும் கேட்பாள்.

"எவனாவது நிமிந்து பாத்தானா, டேல்?"

"ஒருத்தன் பாத்தான்."

"கொட்டாவி விட்டிருப்பான். எனக்குப் பதிலா இவனுங்க ஒரு ஃபேனை மாட்டியிருக்கலாம். காத்து வரலைன்னாலாவது மேல பாப்பானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவளுக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. நான் அவளை மிகவும் நேசித்தேன், மார்லிஸ். அதை நீங்கள் அவசியம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்த வசந்தத்தில் எதிர்ச்சாரி ஹோட்டலில் ஒரு முறையான அரங்கம் கட்டினார்கள். கோரினைத் தனி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"உக்காந்து பாப்பாங்க டேல். டிக்கெட் வாங்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு."

"அப்ப நான்?"

"அங்க பிடிக்கறதுக்கு ஆள் வேணாமாம்."

பழத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. அங்கேயும் யாரும் பார்க்க மாட்டார்கள், இவள் மனம் உடைந்து போவாளே என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவையாவது எல்லாரும் அவளைப் பார்க்க வேண்டும். அதை அவளுக்கு நான்தான் செய்து தர முடியும் என்று தோன்றியது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பறந்து வருகிறவர் எதையும் பற்றக் கூடாது. பற்றப் போனால் இரண்டு பேருக்கும் மணிக்கட்டு முறியும். கையை நீட்டிக்கொண்டு வர வேண்டும், பிடிப்பது முழுக்க எதிராளியின் வேலை. அன்றைக்கு மதியக் காட்சியில் கோரின் மிக அழகாக வந்தாள், அவ்வளவு சுத்தமாக அவள் பறந்து நான் பார்த்ததில்லை. பிடித்தேன். ஊஞ்சல் வலையின் ஓரத்தைத் தாண்டும்வரை பிடித்திருந்தேன். பிறகு விரல்களைத் திறந்தேன்.

அவள் பகடை மேஜைமேல் விழுந்தாள். அப்போதும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒருவன் மட்டும், "இப்ப நான் உருட்டினது கணக்குல சேருமா, சேராதா?" என்று கேட்டது எனக்குத் தலைகீழாகத் தொங்கியபடியே கேட்டது. கூரையில் இருந்தவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. கையைப் பார்ப்பதற்கென்றே படுத்திருப்பவர்கள், என் உயரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்கள். ஆனால் அவர்கள் பார்க்க வேண்டிய கை என் கை இல்லையே.

அவள் சாவைப் பற்றிய விசாரணையில் நான் அதிகம் பேசவில்லை. "ஊஞ்சல் ஒரு வெட்டு வெட்டினாப்ல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். ஹோட்டல்காரர்களுக்கு அது இனித்தது. ஊஞ்சல் வெட்டியது என்றால் கயிறு சரியில்லை, கயிறு சரியில்லை என்றால் கட்டியவன் சரியில்லை. வலையைப் பற்றி ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாவைத் தோளில் தட்டி வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு இந்த ஊரில் அவரை யாரும் ஒரு கயிற்றைத் தொட விடவில்லை.

அவர் கடைசிவரை சாப்பாட்டு மேஜையில் ஷூ நாடாவை வைத்துக்கொண்டு அதே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்ப்பார் என்று வாசலில் சொன்னீர்கள். எங்கே தப்பு செய்தோம் என்று பார்ப்பாராம். அதைக் கேட்டதும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் உங்களை உள்ளே வரச் சொன்னேன்.

கயிறு நன்றாக இருந்தது, மார்லிஸ். முடிச்சும் நன்றாக இருந்தது. அவரைப் போல முடிச்சுப் போடுகிறவரை நான் எந்த சர்க்கஸிலும் கண்டதில்லை.

அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். இந்தப் பதிவை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் மேனேஜர் போய்விட்டார், முதலாளி போய்விட்டார், என் நுரையீரலும் பனிக்காலம்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் அப்பாவும் இல்லை. இனிமேல் இதை வைத்துக்கொண்டு யார் யாருக்கு என்ன செய்துவிட முடியும்? காபி ஆறிவிட்டது. சூடு பண்ணித் தரட்டுமா?

அடுத்த வாரம் பெலிகனை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், தெரியும்தானே? வாணவேடிக்கை உண்டாம். சாலை நெடுக நாற்காலி போட்டு ஜனங்களை உட்காரவைக்கப் போகிறார்களாம். நான் போகலாம் என்றிருக்கிறேன், நீங்களும் வருவதானால் சேர்ந்தே போகலாம். அன்றைக்காவது ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்க்கும். பாவம் கோரின், அவளுக்குத்தான் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.