உசனார் காக்காவுக்குக் கொடுக்காத பொருத்தம்

ஒரு மனிதரை மன்னிக்காமல் இருப்பதற்கு விலை, பிரதான வீதியில் ஒரு கடையறை. விலையைச் சொன்னது நானல்ல, அவர்தான். கூட்டிக் கேட்டிருக்கலாம். வயது போனால் இப்படிச் சில சந்தர்ப்பங்கள் கைநழுவிவிடுகின்றன.

தேத்தண்ணிக்கு நன்றி சேர். எழுதுகிற தம்பியை ஆறுதலாக எழுதச் சொல்லுங்கள், நான் ஓடிப்போகிற ஆளில்லை. பெயர் சாலிஹ். காத்தான்குடியில் புடவைக் கடை. முன்பக்கம் சாரன், சேலை, பள்ளிக்கூட வெள்ளை. பின் அலுமாரியில் கபன் துணி. ஊரில் யார் மௌத்தானாலும் மையத்தை, உங்கள் பேச்சில் பிரேதத்தை, சுற்றுகிற துணி அநேகமாக என் கையால்தான் கிழிபடும். முன்பக்கத்து வாடிக்கையாளரும் பின்பக்கத்து வாடிக்கையாளரும் ஒரே ஆட்கள்தான். பின்பக்கத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருவார்கள்.

இத்தனை வருசமாக நான் கண்ட வேடிக்கைகளில், சாவுக்குப் பயந்த மனிதனுக்கு ஈடாக ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தன்னுடைய கபனைத் தானே முற்கூட்டி வாங்க வந்தார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "கழுவினாச் சுருங்குமா?" என்று கேட்டார். சுருங்காது என்றேன். அடுத்த வாரம் அதைப் பொட்டலத்தோடு திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் வைத்ததிலிருந்து நெஞ்சு குத்துகிறதாம். விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினேன். காலமெல்லாம் கலப்புத் துணியைப் பட்டென்று விற்றவர்கள் எழுபது வயதில் பள்ளிவாசல் முதல் வரிசைக்குத் தள்ளுப்படுகிறார்கள். எங்கள் ஆட்களை மட்டும் சொல்லவில்லை சேர். உங்கள் மணிக்கட்டில் உள்ள கொக்கட்டிச்சோலைக் கோயில் நூலை நான் காணாமல் இல்லை. மறைக்க வேண்டாம். எதையாவது கட்டிக்கொண்டால்தான் மனிதனுக்கு நித்திரை வருகிறது.

ஒரு வார்த்தையை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு வழக்கு விளங்காது. பொருத்தம் என்பது உங்கள் ஆட்களுக்குக் கலியாணத்தில் பார்ப்பது. எங்களுக்கு அது மன்னிப்பு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார். "பொருந்திட்டன்" என்று சொன்னால் தீர்ந்தது. சாகக் கிடக்கிறவருக்கும் அப்படித்தான். உயிர் போகாமல் நாள்கணக்கில் இழுத்தால், யாரோ ஒருவர் இன்னும் பொருத்தம் கொடுக்கவில்லை, அதனால்தான் ரூஹு பிரியமாட்டேன் என்கிறது என்று பெண்டுகள் சொல்வார்கள். அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சொல்ல வைப்பார்கள். மார்க்கக் கிதாபில் அப்படி ஒன்றும் இல்லை என்று மௌலவிமார் சொல்வார்கள். கிதாபில் இல்லாததைத்தான் ஆட்கள் உறுதியாக நம்புவார்கள்.

உசனார் ஹாஜியாரும் நானும் ஒரு காலத்தில் வியாபாரத்தில் பங்காளிகள். என்னைவிட மூப்பு, அதனால் காக்கா என்பேன். பங்கு பிரிந்தபோது, அந்தக் கடையறையில் எனக்குப் பாத்தியமே இல்லை என்று பள்ளிவாசலில் வைத்துச் சத்தியம் பண்ணினார். நல்ல கணீரென்ற குரல். நானே அரைவாசி நம்பிவிட்டேன். பிறகு அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது பொருத்தம் கேட்டு என் கடைக்கும் வந்தார். நான் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தேன். "யாவாரம் நடக்குது காக்கா, மறுகா பாப்பம்" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, கடையில் சனம் நின்றது. அவருக்கும் நேரமாகிவிட்டது, போய்விட்டார். ஊரே பொருந்தியது, நான் ஒருவன் மிச்சம்.

அதற்குப் பிறகு சுனாமி வந்தது. தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். மாரடைப்பு வந்தது, தப்பினார். ஒருமுறை இவர் போன வேன் குடைசாய்ந்து வாவிக்குள் போனது. நனைந்த தொப்பியோடு முதல் ஆளாகக் கரையேறினார். வேறொருவர் என்றால் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். உசனார் காக்கா வியாபாரி. லாபம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். சாலிஹ் பொருந்தாதவரைக்கும் ரூஹுக்குப் போக வழியில்லை! சாகிறவன் லேசாகப் போவதற்காகப் பெண்டுகள் சொல்லிவைத்ததை, இவர் சாகாமல் இருப்பதற்காக உட்புறம் வெளியே திருப்பித் தைத்துக்கொண்டார். தையல் நன்றாகத்தான் இருந்தது.

போன வருசம் எலும்பில் புற்றுநோய் என்றார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் ஸகியாவின் வீட்டில் கிடந்தார். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில். எல்லாம் அவள் ஒருத்தி. ஒருநாள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஸகியாவை வெளியே போகச் சொன்னார்.

"சாலிஹ், நீ இன்னும் என்னப் பொருந்தல்லதானே?"

"அண்டைக்குப் போன நீங்க மறுகா வரல்லியே காக்கா."

"இனிக் கேக்கவும் மாட்டன். நீயா வந்தும் சொல்லிராத. அந்தக் கடைய உன்ட பேருக்கு எழுதித் தாறன்."

"கடையத் தந்தா எனக்கு என்ன கோவம் மிச்சம்? தன்பாட்டுல பொருந்திருமே."

வலியில் முகம் கோணியிருந்தது, கண் மட்டும் பழைய வியாபாரக் கண்.

"கடைக்குப் பொருந்து. பொய்ச் சத்தியத்துக்குப் பொருந்தாத."

"அதுக்குத் தனியா என்ன தருவீங்க?"

"கள்ளன்டா நீ," என்று சிரித்தார். உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக அல்ல, அந்தக் குற்றத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக என் சொத்து எனக்குத் திரும்பி வந்தது. இதற்குச் சிரிக்காதவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை.

பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே. வலிக் குளிசை குடிக்கமாட்டார். குடித்தால் நித்திரை வரும், நித்திரையில் போய்விட்டால்? கண் அயர்ந்தால் உடனே உலுக்கி எழுப்பும்படி ஸகியாவுக்குக் கட்டளை. சாகக் கிடக்கிறவருக்கு ஓதுகிற யாஸீனை ஓத வந்த லெப்பையைச் செம்பால் எறிந்தார். என்மீது மட்டும் ஒரு தாயின் கரிசனை. நான் முந்திப்போய்விட்டால் ஒப்பந்தம் என்னாவது? காலையில் போன் எடுப்பார்: "பிரஷர் குளிசை குடிச்சியா? உப்பக் குறை. மழைக்குள்ள போகாத." தோடம்பழம் வாங்கி அனுப்புவார். என் மனைவி றம்லா இருந்த காலத்தில்கூட என்னை இப்படி யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

ஸகியா கடைக்கு வந்தாள். சனம் நிற்கிற நேரம்.

"சாச்சா, வாப்பா கத்துற சத்தம் உங்களுக்குக் கேக்கல்லியா?"

"கேக்குது மகள்."

"நீங்க பொருந்தாததாலதான் இப்பிடி இழுக்குதெண்டு சொல்றாங்க. ஒரு வார்த்தைதானே. வந்து சொல்லுங்க."

"அவர் கேக்கட்டும்."

"கேளுங்க வாப்பா எண்டா ஏசுறாரே."

"அப்ப நான் என்ன செய்ய மகள்?"

அவள் அழவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், துணிக்கட்டில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாள். எத்தனை நாள் நித்திரையோ. பாவமாக இருந்தது. தட்டி எழுப்பினேன், அந்தக் கட்டுக்குப் பின்னால் வாடிக்கையாளர் கேட்ட துணி இருந்தது.

இதற்கிடையில் எனக்கும் நெஞ்சுக் குழாயில் ஒரு சின்ன அடைப்பு என்று டொக்டர் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து, பொழுது போகாமல், என்னைப் பொருந்தாத ஆள் யாராவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். றம்லா மௌத்தாகும்போது, கலியாணத்துக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த மஹரைக்கூடப் பொருந்திவிட்டுப் போனாள். தம்பிமாரோடு பிணக்கு இல்லை. அளவு குறைந்ததென்று சண்டை பிடித்த வவுணதீவுப் போடியார் போன பொங்கலுக்கு அரிசி அனுப்பியிருந்தார். ஒரு ஆள் இல்லை சேர். நேர்மையாக வியாபாரம் செய்தால் இதுதான் வரும். சில்லறைப் பிழைகள் செய்தாலும் ஊர் இரண்டு நாளில் பொருந்திவிடும். எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது என்றே எழுதுங்கள்.

சம்பவ தினம் அசர் தொழுதுவிட்டு உசனார் காக்காவைப் பார்க்கப் போனேன். "கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க சாச்சா, குளிச்சிட்டு வாறன்" என்று ஸகியா கிணற்றடிக்குப் போனாள். நானும் அவரும் தனியே.

ஏன் பொருத்தம் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை படுகிற பாட்டைச் சகிக்க முடியாமல் சொன்னதாக எழுதலாம், வாசிக்க நன்றாக இருக்கும். என் பழக்கம் வேறு. பருத்தியா நைலோனா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். குனிந்து அவருடைய காதில் சொன்னேன்: "காக்கா, பொய்ச் சத்தியத்துக்கும் பொருந்திட்டன்."

என் வாயைப் பொத்தக் கை தூக்கினார், எட்டவில்லை. "எடு. திரும்ப எடு."

"வித்த சாமான் திரும்ப எடுக்கிறல்ல காக்கா."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாவியில் ஒரு தோணி எஞ்சின் சத்தம் வந்து போனது. கிணற்றடியில் வாளி விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஒண்டும் நடக்கல்லியேடா! சும்மா கதையா இது? கடைய வீணாக் குடுத்திட்டனே." சிரிப்பில் இருமல் வந்தது. "அந்தக் குளிசைய எடு சாலிஹ். கொஞ்சம் நித்திரை கொள்ளணும் போல இரிக்கி."

மாதக்கணக்கில் அந்த முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. நித்திரைக்கு ஆசைப்படுகிற ஒரு சாதாரணக் கிழவரின் முகம். எனக்கு அது பிடிக்கவில்லை. கதை பொய்யென்றால் அவருக்கு என்ன நட்டம், அவர் எப்படியும் போகிற ஆள். இருக்கிற மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொள்வது? சொன்ன வார்த்தைக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டும், அதுதான் வியாபாரம். தலைமாட்டில் இருந்த தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். உறை என் கடைச் சரக்கு, நல்ல பருத்தி, காற்றுப் புகும். அதனால் கொஞ்சம் நேரமெடுத்தது.

ஸகியா ஈரத் தலையோடு வந்தாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது, அதாவது நான் விளங்க வைக்க நினைத்தது. "சொல்லிட்டீங்களா சாச்சா?" "சொல்லிட்டன் மகள். சொன்ன உடனே போயிட்டார்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று இரவே அடக்கினோம். கபனுக்கு நான் காசு எடுக்கவில்லை.

ஊர் முழுக்க இதே பேச்சு. என் ஒரு வார்த்தைக்காகத்தான் உயிர் காத்துக்கிடந்ததாம். கொஞ்ச நாளில் ஒருவர் ஒரு கட்டுச் சாரன் கடனுக்கு எடுத்துப் போனார், காசு தரவில்லை. கேட்டால் கண் சிமிட்டுகிறார். "கோவமா இரிங்க சாலிஹ், நல்லாக் கோவமா இரிங்க" என்கிறார். இப்படிப்பட்ட ஆட்களோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் ஸகியா சோற்றுப் பார்சலோடு வீட்டுக்கு வந்தாள். நன்றாக நித்திரை கொண்ட முகம்.

"சாச்சா, வாப்பாவ அவ்வளவு நாள் இழுக்க விட்டீங்களெண்டு உங்களோட பெரிய கோவமா இருந்தன். வாழ்நாளுக்கும் பொருந்துறல்ல எண்டு நினைச்சிருந்தன். ஆனா கடைசில நீங்களா வந்து சொன்னீங்க. நான் பொருந்திட்டன் சாச்சா. முழுசாப் பொருந்திட்டன்."

அப்படி ஒரு கோபம் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்த அதே நிமிடத்தில் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சோறு இறங்கவில்லை. அன்று பின்னேரம் இடது பக்கம் ஒரு குத்து. நேற்று முழுக்கக் கட்டிலில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தேன். இன்று காலை பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன்.

மனச்சாட்சி என்று எழுதுங்கள், மறுக்கமாட்டேன். இந்த நாட்டில் தூக்கைத் தீர்ப்பில் எழுதுவார்களே தவிர நிறைவேற்றுவதில்லை என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். எதையும் விலை விசாரிக்காமல் வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் சாவுக்குப் பயந்து செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள் சேர். அந்த வகை ஆட்களைப் பற்றிய என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. இதை ஸகியாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரு வரி விடாமல். அவர் சிரித்தது, நித்திரை கொள்ளக் குளிசை கேட்டது, நான் கொடுக்காதது, எல்லாம். நல்ல பிள்ளை அவள், மனம் இளகுகிற சாதி. என்றைக்காவது மறியல்சாலைக்கு என்னைப் பார்க்க வந்தால் உள்ளே விடாதீர்கள். நான் செத்துப்போய்விட்டேன் என்று சொல்லுங்கள்.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். எனக்கு வந்தது ஒரு கடையறை. நான் கொடுத்தது ஒரு வார்த்தை, ஒரு தலையணை. என்னைப் பொருந்தியவர்கள் ஊர் முழுக்க. இதைக் கேட்ட பிறகு பொருந்தாதவள் ஸகியா ஒருத்தி. அந்த ஒன்று நிலுவையில் இருக்கட்டும் சேர், யாரும் தீர்த்து வைக்க வேண்டாம்.