பன்னண்டு மணிக்குள்ள பதியணும்

இந்த லட்சணத்துல கொண்டுபோனீன்னா கவுன்ட்டர்ல இருக்கறவரு தலைய நிமிர்த்திக்கூடப் பாக்க மாட்டாரு, முனிலட்சுமி. பெங்களூர்ல பி.எட். முடிச்சிட்டாப் போதுமா? இது தமிழ்நாடு கண்ணு. அந்தப் பக்கத்து யுனிவர்சிட்டி சர்டிபிகேட் இங்க செல்லும்னு மெட்ராஸ்ல ஈக்குவலன்ஸ் வாங்கணும். அது வர்றதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தற்காலிகமா பதிஞ்சுக்குங்கன்னு இங்கிலீஷ்ல மனு வெக்கணும். அதுக்குத்தானே என்கிட்ட வந்த? அப்ப ஒக்காரு. எதுக்குக் கடியாரத்தையே பாக்கற?

தெரியும், தெரியும். கெலமங்கலத்துல தெலுங்கு மீடியம் கணக்கு வாத்தியாரு ரிட்டயர் ஆகறாரு. ஒரே ஒரு போஸ்ட். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல யாரு முன்னாடி பதியறாங்களோ அவங்களுக்குத்தான் இன்டர்வியூ கார்டு வரும். நாளைக்கு ரெண்டாவது சனிக்கெழம, லீவு. அதனால இன்னிக்கே தர்மபுரி போயி, பன்னண்டு மணிக்குள்ள பதியணும். இந்த ஓசூர்ல பாதி வாத்தியாருங்களுக்கு மனு எழுதிக் குடுத்தவ நான். எனக்கே பாடம் எடுக்கறியா?

தெலுங்கு மீடியத்துல படிச்சதுக்கு ஹெட்மாஸ்டர் சர்டிபிகேட் எங்க? ம், இருக்குது. காப்பிய யாரு அட்டெஸ்ட் பண்ணுவா, உங்க தாத்தாவா? பச்சை இங்க்குல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும்மா. எதிர்வீட்டு மாட்டு டாக்டரு போதும், கெஜட்டட்தான். போயி வாங்கிட்டு வா. அதுக்குள்ள நான் மனுவ முடிச்சிடறேன்.

என்ன, பூஜையில இருக்காரா? அப்ப மணியடிச்சி எந்திரிக்கறவரைக்கும் சாமியும் காத்திருக்கணும், நாமளும் காத்திருக்கணும். நகத்தைக் கடிக்காத. நாளைக்குக் கரும்பலகை முன்னாடி நிக்கப்போறவ.

ராயக்கோட்டை வழி பஸ்ஸா? வேண்டவே வேண்டாம். சானமாவுக் காட்டுல யானை ரோட்டுக்கு வந்துச்சின்னா, அது பாட்டுக்கு நிக்கும், பஸ்ஸும் பின்னாடி நிக்கும். போன மாசம் ஒரு கல்யாணப் பார்ட்டி தாலி கட்டற நேரத்துக்குக் காட்டுக்குள்ள ஒக்காந்திருந்திச்சி. கிருஷ்ணகிரி வழியா போ. எப்பிடியும் கவுன்ட்டர் பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க.

ச்சே, இந்த மனுவுல ‘ஹம்ப்ளி’ விட்டுட்டேன். நான் படிச்ச கான்வென்ட்டு மதர் சுப்பீரியர் பாத்திருந்தா முட்டியிலயே ஸ்கேல்ல போட்டிருப்பாங்க. அடிச்சித் திருத்தினா அசிங்கம். வேற பேப்பர் எடு. இரு, வாசல்ல யாரோ... ஒண்ணுமில்ல, பால்காரன். தண்ணி ஊத்தறதுல காட்டற வேகத்த நடக்கறதுல காட்ட மாட்டான்.

ஏன் நிக்கறேன், நடக்கறேன்னா? எனக்கு ஒக்காந்தா முட்டி வலிக்குது, நின்னா மனசு வலிக்குது. நீ உன் வேலையப் பாரு. மங்காவா? எம்பொண்ணு கதைய எதுக்கு இப்ப இழுக்கற. உன்கூட ஒரே க்ளாஸ்ல, ஒரே மீடியத்துல படிச்சா, பி.எட்.டும் முடிச்சா. வீட்டுக்குள்ளயே ஒக்காந்திருக்க முடியுமா? எங்கயோ போயிருக்கா. டாக்டரு வந்துட்டாரு பாரு, ஓடு.

வாங்கிட்டியா? காட்டு. சீல் எங்க? கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிட்டாரா? மாட்டுக்கு ஊசி போடறதுலயும் இப்பிடித்தான், பாதிதான் போடுவாரு. சீல் இல்லாம செல்லாது. மறுபடி போ. கோவமா? எம்மேல கோவப்படாத, கவர்மெண்ட் மேல படு.

இந்தா, பக்கத்து வீட்ல கூப்பிடறாங்க. எனக்குப் போன் வந்திருக்குதாம். நீ சீல் வாங்கி வை, ஒரே ஓட்டத்துல வந்துடறேன்.

வந்துட்டேன். ஒக்காரும்மா. எதுக்குப் பைய மாட்டிக்கிட்ட? எல்லாம் சரியா இருக்குது, ஆனா இனி எந்த பஸ்ல ஏறினாலும் நீ போய்ச் சேர்றதுக்குள்ள கவுன்ட்டர மூடிருவாங்க. திங்கக்கெழம முதல் பஸ்ல போலாம், நானே கூட வர்றேன். போன்ல யாரா? எங்க மங்காதான். தர்மபுரி எஸ்.டி.டி. பூத்துல இருந்து. விடியக்காத்தால போனா. பதிஞ்சிட்டாளாம்.

அப்பிடிப் பாக்காத. நான் உனக்குச் சொன்னதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. சீல் இல்லாம போயிருந்தா திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க. கொஞ்சம் மெதுவாச் சொன்னேன், அவ்வளவுதான். உனக்கென்ன, அப்பாவுக்குக் கம்பெனி வேலை, இன்னும் கல்யாணமே ஆகல. அடுத்த போஸ்ட் வரும், அதுல உம்பேருதான் மொதல்ல நிக்கும். எங்க மங்காவுக்குத் திரும்பிப் போக வீடு இல்ல. புருஷன் கதவ மூடிட்டான். எனக்கு அப்புறம் அவளுக்குச் சோறு யாரு போடுவா?

அழுவாத. எந்திரிச்சிப் போயி உங்கம்மாகிட்டச் சொல்லு. வாசல்ல வந்து நின்னு, நாலு பேரு கேக்கறமாரித் திட்டட்டும். வாங்கிக்கறேன். எம்பொண்ணு பொட்டியோட வந்து எறங்குன அன்னிக்கு, இந்தத் தெருவுல ஒரு கெழவி பாக்கி இல்லாம வந்து வேடிக்கை பாத்தாங்க. சோறு ஆக்கிக் கொண்டாந்தது உங்கம்மா ஒருத்திதான்.