புருல் அழுத காட்சி

தேநீரில் உப்புப் போட்டிருக்கிறீர்கள், தோழரே. தலைநகர் ஃபுருன்ஸேயில் எங்கள் சினிமா ஸ்டுடியோவில் எல்லாவற்றுக்கும் சர்க்கரைதான். எனக்கு இதுதான் பிடிக்கும்.

விசாரணைக்கென்று நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டு செப்டம்பரில் இந்த நாரின் ஊருக்கு மேலே, மலை மேய்ச்சல் வெளியில் படமெடுத்துக்கொண்டிருந்தோம். போரில் மகனை இழந்த தாயின் கதை. நாடக நடிகைகள் வேண்டாமென்று, ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்த புருல் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அவர் முகம் அப்படி. நடக்கச் சொன்னால் நடந்தார், பால் கறக்கச் சொன்னால் கறந்தார். சாவுச் செய்தி கேட்டு அழச் சொன்னால் மட்டும் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிடுவார்.

"இல்லாத பிள்ளைக்கு எப்படித் தம்பி அழுறது? என் பய தாலாய் கல்லு மாதிரி கீழ பண்ணையில இருக்கான். அவன நெனச்சாலே எனக்குச் சிரிப்புதான் வருது."

படச்சுருள் வீணாகிக்கொண்டே வந்தது. சிகரங்களில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் பண்ணை லாரி ஓட்டும் சகின்பெக் ஓடி வந்தான். தாலாய் குதிரையிலிருந்து விழுந்துவிட்டானாம். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு.

"அண்ணே, அக்காவக் கூப்பிடுங்க. பய அம்மா அம்மான்னு அனத்துறான். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இப்பக் கெளம்பினா மூஞ்சியாவது பாத்துக்கலாம்."

அக்கா கம்பளிக் கூடாரத்துக்குப் பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவர் பாடுவதுகூடக் கேட்டது. நான் சகின்பெக்கின் தோளில் கை போட்டு, லாரிக்கே திருப்பி அழைத்துக்கொண்டு போனேன்.

"பக்குவமாச் சொல்லி நானே ஜீப்புல கூட்டிட்டு வர்றேன். நீ போயி பையன் பக்கத்துல இரு."

அவன் நம்பினான். எதற்கு நம்பாமல் இருக்க வேண்டும்?

மறுநாள் காலை கேமராவைப் பாதை பார்த்து நிறுத்தினேன். அக்காவைப் பால் வாளியோடு கூடார வாசலில் நிற்கவைத்தேன்.

"நான் என்ன தம்பி செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. ரோட்டப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

"யாருக்காக நிக்கிறோம்?" என்று ஒளிப்பதிவாளர் முணுமுணுத்தார். வெளிச்சத்துக்காக என்றேன். மேகம் வந்து வந்து போயிற்று. லாரி தாமதமானால் வெயில் போய்விடுமே என்பது ஒன்றுதான் என் கவலை.

லாரி வந்தது. கேமராவை ஓட்டச் சொன்னேன். சகின்பெக் குதித்து நேராக அக்காவிடம் ஓடினான்.

"ஏன்க்கா வரல? கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தானே..."

அக்கா உடனே அழவில்லை. வாளியை ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே வைத்தார். அவன் வாயையே பார்த்தார். பிறகுதான் தரையில் விழுந்து அலறினார். எந்த நடிகைக்கும் அந்த வாளியை வைக்கத் தோன்றியிருக்காது. சுருள் தீரும்வரை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆமாம். பையன் உயிரோடு இருந்ததும், தாயைக் கேட்டதும், விடியும்வரை தாங்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் காத்திருந்தேன். ஆனால் அக்காவிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் உதவி, தோழரே. மலையில் படம் மட்டும்தான் பிடித்தோம், ஒலி பிடிக்கவில்லை. குரலை ஸ்டுடியோவில்தான் சேர்க்க வேண்டும். அக்காவை ஒருநாள் ஃபுருன்ஸேவுக்கு அனுப்பிவைக்க முடியுமா? திரையில் தன்னைப் பார்த்தால் போதும், அழுகை தானாக வந்துவிடும்.