உள்ளே கம்பளி வைத்த கோட்டு

அந்தக் கோட்டைக் கம்பி ஹேங்கரில் மாட்டாதீர்கள் மேடம். தோள்பட்டையில் புடைப்பு விழுந்துவிடும். மடிப்புக்கு நடுவில் ஒரு பழைய வேட்டியைக் கொடுத்து, தட்டையாக வைத்தால் போதும். பையில் போட்டு அரக்கு முத்திரை வைப்பது உங்கள் நடைமுறை என்று தெரியும். அரக்குச் சூடு துணியில் படாமல் இருக்கட்டும். இதை மட்டும் பார்த்துக்கொண்டால் மற்றதை நானே சொல்லிவிடுகிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம்.

என் பெயர் விஜயசங்கர். துணித் தொழில்நுட்பம் படித்தவன். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனை வேலை. வீடு தென்காசி. மனைவி உமாதேவி ஆலங்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். போன குற்றால சீசனில் இறந்தாள். இறந்தாள் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் வேறு சொல் எழுதிக்கொள்ளலாம்.

நான் பழைய ராணுவ உடைகளைச் சேர்ப்பவன். காட்டோடு காடாகத் தெரிவதற்காகத் திட்டுத்திட்டாக அச்சடித்த துணிகள் மட்டும். எல்லாம் வெளிநாட்டுப் படைகளுடையவை. நம் ராணுவத்தின் துணி ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அதை வைத்துக்கொள்வது தவறு என்கிறார்கள். நான் சட்டத்தை மதிப்பவன்.

ஒரே படை, ஒரே ஆண்டு, ஒரே அச்சு. ஆனாலும் இரண்டு சட்டைகள் ஒன்றுபோல இருக்காது. ஓர் ஆலையில் பழுப்புச் சாயம் தீர்ந்துபோய் வேறெதையோ கலந்திருப்பார்கள். இன்னோர் ஆலையில் நெசவையே மாற்றியிருப்பார்கள். அந்தப் பிசகைத்தான் நாங்கள் தேடுகிறோம். எல்லோரிடமும் இருக்கும் சட்டை வெறும் பழைய துணி.

இந்தக் கோட்டு எனக்கு ஹபீபுல்லா பாயிடமிருந்து கிடைத்தது. கடையநல்லூர்க்காரர். ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய துணிகளை ஷார்ஜாவில் ஒரு கிட்டங்கியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், ஊர் திரும்பி அதே வியாபாரத்தைச் சின்னதாக வைத்திருக்கிறார். பண்டல் உடைக்கும் நாளில் என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, ஊர்ல மாப்பிள்ளைமாரு பொண்டாட்டிக்குப் பட்டு எடுக்கான். நீ செத்த பட்டாளத்தான் சட்டைய எடுக்கே. வீட்டுல சோறு போடுதாங்களா இல்லையா?" என்றார் அன்றைக்கும். பிறகு கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இங்கன பாரு. உள்ள கம்பளி. பனியில ராத்திரி பூரா கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது போல."

அவர் சொன்னது சரி. இன்று வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் மலைப்படைக்காக, ஒரே ஒரு குளிர்காலத்தில் தைத்தவை அவை. வெளியே கெட்டிப் பருத்தி, உள்ளே மெல்லிய கம்பளி. கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. பாறையிடுக்கில் அசையாமல் கிடக்கவேண்டிய ஆளுக்கு அதுதான் உயிர். அதைவிட முக்கியமானது வெளித்துணி. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பழுப்பு. நனைந்தால் பழுப்பு கறுத்து உள்ளே போய், பாசிப்பச்சை மேலே எழுந்து வரும் என்று பழைய சேகரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இணையக் குழுவில் பாதிப் பேர் அது விற்பனைக்காகக் கட்டிய கதை என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். குழாயடியில் நனைத்து எடுத்த படத்தைப் போட்டேன். படத்தைக் கணினியில் திருத்தியிருக்கிறேன் என்றார்கள்.

ஆகவே நிஜ மழை, நிஜப் பாறை, உள்ளே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அளவு சின்னது, எனக்குத் தோளில் ஏறாது. உமாவுக்குப் பொருந்தியது, கணுக்கால்வரை இறங்கியது. கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சேலை கட்டிட்டு அடுப்படியில நிக்கும்போதே நான் உங்க கண்ணுல படுததில்ல. இதையும் போட்டா அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் சண்டை கிடையாது. அவள் தம்பி செந்தில்வேல் வேறு மாதிரிச் சொல்லியிருப்பான்.

ஆனிச் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். அவள் புது ஆரஞ்சு சுடிதார் போட்டிருந்தாள். குளிப்பதற்கு மாற்றுத்துணியும், கொறிக்க நேந்திரங்காய் சிப்ஸும் எடுத்துவைத்தாள். கோட்டு என் தோள்பையில் இருந்தது. ஐந்தருவியில் கூட்டம். நாங்கள் அருவிக்குப் போகாமல், பழைய கிராம்புத் தோட்டத்து வழியாக மேலே ஏறினோம். அங்கே போக அனுமதி கிடையாது. அந்தத் தவறையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடைக்கு மேலே ஒரு பாறை விளிம்பு. பின்னால் பெரணிச் செடிகள். சுடிதாருக்கு மேல் கோட்டை மாட்டி நிற்கச் சொன்னேன். சாரல் நனைக்க நனைக்க அது நடந்தது மேடம். பழுப்பு பின்வாங்கிப் பச்சை மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்றேன். போனாள். "வழுக்குதுங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். படத்தில் முகமும் கையும் மட்டும் மிஞ்சின. முகத்தைத் திருப்பிக்கொள், கையை உள்ளே இழு என்றேன். செய்தாள். அப்படியே ஒரு படம் எடுத்தேன். அடுத்த படத்தில் ஆள் இல்லை. கோட்டு அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதற்கடுத்த படத்திலும் இல்லை. அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே அங்கே யாருமில்லை என்று தெரிந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே செடிகள், பாறைகள், தண்ணீர். கூப்பிட்டேன். பதில் இல்லை. ஓடிப் போய்த் தகவல் சொன்னேன். இதில் நான் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

புகார் எழுதிய காவலர் கேட்டார்: "வீட்டுலேர்ந்து கெளம்பும்போது என்ன உடுத்தியிருந்தாங்க?" ஆரஞ்சு சுடிதார் என்றேன். அது உண்மை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். மேலே கோட்டு போட்டிருந்தாளா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். மனைவியை எதற்காக அந்த இடத்துக்குக் கூட்டிப்போனாய் என்று அடுத்த கேள்வி வரும். கோட்டு வழக்குச் சொத்தாகும். ஏதோ ஓர் அறையில் எலி கடிக்கும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா என்றால், யோசித்தேன்.

அன்று இருட்டும்வரை தேடினார்கள். ராத்திரி முழுக்கச் சாரல் விடவில்லை. மறுநாள் காலையில் தீயணைப்பு ஆட்களும் வனத்துறை ஆட்களும் திரும்ப ஏறினார்கள். நானும் கூடப் போனேன். வனக்காவலர் மாடக்கண்ணு எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஆரஞ்சு கலருதான சார்? அது அங்கன மலைமேலருந்து பார்த்தாலே பளிச்சின்னு தெரிஞ்சிருமே. இங்கன இருந்தா எங் கண்ணுக்குத் தப்பாது. தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும். கீழ பாப்போம்."

அவர் அதைச் சொன்ன இடத்திலிருந்து, ஒரு பஸ்ஸின் நீளம்கூட இருக்காது, உமா கிடந்தாள். எனக்குத் தெரிந்தது. ஒரு பாறைத் தட்டில், முழங்காலை மடக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த அச்சில் ஒவ்வொரு திட்டும் எனக்கு மனப்பாடம். இடது தோளில் நாய்க்காது போல ஒரு திட்டு உண்டு. அதைத்தான் முதலில் பார்த்தேன். அது மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது.

மாடக்கண்ணுவின் கண் அவள்மேல் போய், நிற்காமல் அடுத்த பாறைக்குப் போனது. தீயணைப்பு ஆட்கள் வரிசையாக அதே இடத்தைக் கடந்தார்கள். எல்லோரும் பழகியவர்கள், காட்டில் ஆள் தேடுவதே தொழிலானவர்கள். அவள் முனகியிருக்கலாம். ஓடைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. எனக்குத் தேவைப்பட்ட நிரூபணம் அதுதான். அதைவிடப் பெரிதாக யாருக்கும் கிடைத்திருக்காது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மறுபடி கேட்காதீர்கள். சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் மெயின் அருவியில் விழுந்த ஒரு பையனை மீட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்தார்கள். சட்டையைக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினார்கள். அடிபட்ட உடம்பை அசைக்கக்கூடாது என்பதால் அப்படித்தான் செய்வார்களாம். செய்யட்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும் சட்டை.

மத்தியானத்துக்கு மேல் ஓடையில் தண்ணீர் கூடியது. தேடுவதை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். குடையை மேலே விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஓடையோரமாகச் சுற்றிப்போனால் அந்தப் பாறைத் தட்டுக்கு இறங்க வழி இருக்கிறது.

கண்ணைத் திறந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. "வந்துட்டீங்களா" என்றாள். "அவங்கல்லாம் வந்தாங்க, ஒருத்தரும் என்னப் பாக்கல" என்றாள். கோட்டைக் கழற்றினால் ஆரஞ்சு தெரியும், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொன்னேன். அது சரியான யோசனை என்று அவளுக்கும் பட்டிருக்கவேண்டும். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இடது கையை உருவும்போது அவளே தோளைத் தூக்கிக் கொடுத்தாள். "நீங்க இங்கனயே இருப்பீங்களா?" என்று கேட்டாள். ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்றேன். உள்கம்பளி கதகதவென்றுதான் இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கீழே வந்தபோது மலைக்கு இனி யாரையும் விடமாட்டோம் என்று சங்கிலி போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சொல்லியும் பயனில்லை என்று நினைத்தேன். சொல்லிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏறினார்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் மாடக்கண்ணு கத்தினார்: "ஏலே, அந்தா ஆரஞ்சு!" நேற்று பார்த்த அதே இடம்தான் என்று அவர் பிறகு அழுதார். நான் அவரைத் தேற்றினேன். அவர்மேல் தவறில்லை என்று இப்போதும் சொல்கிறேன். உமாவை உங்கள் ஆட்கள் கண்ணுக்குக் காட்டியது நான். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் படத்தைக் குழுவில் போட்டேன். முகத்தைத் திருப்பி, கையை உள்ளே இழுத்துக்கொண்ட படம். இதில் ஒரு மனிதர் இருக்கிறார், கண்டுபிடியுங்கள் என்று எழுதினேன். உலகம் முழுக்க உள்ளவர்கள் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பாறையைக் காட்டினார்கள், வேரைக் காட்டினார்கள். சந்தேகப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். யாரோ அதை வாட்ஸாப்பில் புதிர் மாதிரி அனுப்ப ஆரம்பித்து, ஊர் ஊராகச் சுற்றி, புளியங்குடியில் லாரி பட்டறை வைத்திருக்கும் செந்தில்வேலிடம் போயிருக்கிறது. அவனுக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்தவுடன், "இது எங்க அக்கா. வலது காலத் தளர்த்திட்டு இப்படித்தான் நிப்பா" என்றிருக்கிறான். அதை எப்படிப் பார்த்தான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் எடுத்த படம். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கு அவள் தெரிந்ததில்லை, கோட்டுதான் தெரிந்தது.

அதனால்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கோட்டின் அக்குள் பக்கம் கம்பளியில் ஆரஞ்சுச் சாயம் இறங்கியிருப்பதைக் காட்டினீர்கள். புதுத் துணி நனைந்தால் சாயம் விடும். அது நான் கவனித்திருக்கவேண்டிய விஷயம். அந்தக் கறையைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது டாக்டரின் அறிக்கையை என் பக்கம் தள்ளுகிறீர்கள். முறிந்த எலும்பால் அவள் சாகவில்லை, இரண்டாம் ராத்திரி குளிரில் விறைத்துப்போய்ச் செத்தாள் என்று எழுதியிருக்கிறது. கோட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால் முதல் ராத்திரி போலவே அதையும் தாண்டியிருப்பாள் அல்லவா என்று கேட்கிறீர்கள். துணியைப் படித்தவன் நான் மேடம், டாக்டர் அல்ல. அது குளிருக்காகத் தைத்த கோட்டே இல்லை. மறைந்திருப்பதற்காகத் தைத்தது.