அவசரத்துல சேராத ஆளு

எல்லாம் அந்த ஆள் பண்ற வேலை தங்கச்சி! வேணும்னே பண்றான். நான் மேல வந்து சேரக் கூடாதுன்னு, கணக்கா ரெண்டு மாடிக்கு நடுவுல கொண்டாந்து தொங்க விட்டிருக்கான் பாருங்க... மெக்கானிக்காம், மெக்கானிக்! லிஃப்டுக்கு மெக்கானிக்கா, எனக்கு எமனா?

நீங்க பயப்படாதீங்க. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, பழைய காலத்துக் கிராதிக் கதவு, காத்து நல்லா வருது. அந்த மணிய அமுக்காதீங்க, அது அடிக்காது. மணிக்குத் தனியா ஆள் பாக்கணும், ரேட் இன்னும் படியல. நான்தான் பேசிட்டிருக்கேன்.

அஞ்சாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கறது நீங்கதானே? சாமான் எறக்குறப்பவே பாத்தேன். அந்தத் தொட்டிச் செடியக் கீழ வைங்க, கை கடுக்கும். நான் மொத மாடி. பழைய கதவு, ஜன்னல் வாங்கி விக்கிறவன். எங்க வீடு இடிச்சாலும் மொத ஆளாப் போய் நிப்பேன், பேரம் பேசிக் கதவக் கழட்டிட்டு வந்துருவேன். இந்தத் தெருவுல பாதி வீட்டுக்குக் கதவு என் கடையிலேர்ந்துதான் போச்சு. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு ஒரு கதவத் தொறக்க முடியாம நிக்கிறேன். சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது.

இந்தக் கட்டடத்துக்குச் செயலாளரும் நான்தான். கௌரவச் செயலாளர். கௌரவம்னா என்ன தெரியுமா? சம்பளம் கெடையாது, திட்டு உண்டு. தண்ணி வரலைன்னாலும் நான், தண்ணி அதிகமா வந்து நடைபாதையில வழிஞ்சாலும் நான். எங்க வீட்டம்மா கேக்குது, "ஏங்க, நான் இந்த வீட்ல இத்தன வருஷமா சம்பளம் இல்லாம, லீவு இல்லாம பாக்குறேனே, அப்ப நானும் கௌரவமா?"ன்னு. பதில் சொன்னா சோறு கெடைக்காது.

எங்க விட்டேன்? ஆங், அந்தப் பய. மொதல்ல அவன் நிரந்தரமாத்தான் இருந்தான். எனக்கு முன்னாடி செயலாளரா இருந்த கணக்கு வாத்தியாரு வச்ச ஆளு. நிரந்தரம்னா எப்படி? லிஃப்ட் பக்கத்துல ஒரு ஸ்டூலு, ஸ்டூலு மேல அவன், அவன் கையில பேப்பரு. நாள் பூரா லிஃப்ட் ஜம்முனு ஓடும், இவன் ஜம்முனு படிப்பான். எனக்கு வயிறு எரியும். டேய், உக்காந்திருக்கறதுக்கா சம்பளம்னு கேட்டேன். "நான் சும்மா இருந்தா லிஃப்ட் நல்லா இருக்குன்னு அர்த்தம்ணே"ங்கறான். பேச்சப் பாருங்க!

நான் பதவிக்கு வந்ததும் மொத வேலையா அவனப் பகுதி நேரம் ஆக்கினேன். காலையில வா, எண்ணெய் போடு, தொட, கெளம்பு. ஆனா லிஃப்டுக்கு அது தெரிய வேண்டாமா? சொல்லி வச்ச மாதிரி மத்தியானம்தான் நிக்கும்! சரின்னு வேற மாதிரி பேசினேன். ரிப்பேருக்கு இவ்வளவுன்னு கூலி, ரிப்பேர் இல்லைன்னா கூலி இல்ல. நியாயம்தானே? நான் சின்ன வயசுல மூட்டை தூக்கினது அப்படித்தான், மூட்டைக்கு இவ்வளவு. அதுலேர்ந்து தங்கச்சி, இந்த லிஃப்ட் நிக்காத நாள் கெடையாது! இன்னைக்குக் கதவு, நாளைக்குப் பட்டன், அடுத்த நாள் ஏதோ கயிறு... மெக்கானிக் புது வண்டி வாங்கிட்டான்!

விடுவேனா நான்? கடைசியா காண்ட்ராக்ட் போட்டேன். அதுல ரெண்டு வகை. அவசரம்னா கூப்பிட்ட ஒடனே ஓடி வரணும். சாதாரணம்னா மறுநாள் வந்தாப் போதும். அவசரத்துக்கு ரேட்டு ஜாஸ்தி கேட்டான். காலையில உக்காந்தவன் டீ மேல டீயாக் குடிச்சு சாயங்காலம் வரைக்கும் பேசினேன். "லிஃப்டுல ஆள் மாட்டினாலே அவசரம்தானேண்ணே"ங்கறான். எப்படிடா? நல்லாத் திடமா இருக்கற ஆளு மாட்டினா என்ன அவசரம்? நின்னுட்டு இருக்கட்டும்! குழந்தைங்க மாட்டினா அவசரம், அறுபது தாண்டினவங்க மாட்டினா அவசரம், மத்ததெல்லாம் சாதாரணம்னு மடக்கினேன். கட்டடமே கை தட்டுச்சு எனக்கு.

என்ன? ஏதோ சொல்ல வந்தீங்க... இருங்க, இதச் சொல்லி முடிச்சுர்றேன், இல்லைன்னா மறந்துருவேன்.

கீழ ஒரு வாட்ச்மேன் இருக்கான் பாத்தீங்களா? அவன்கிட்டக் கத்திப் புண்ணியம் இல்ல. அவன் ஏஜென்சி ஆளு. அது தனி வகை. நம்ம வாசல்ல நிப்பான், ஆனா நம்ம ஆள் இல்ல. "ஏன்டா தூங்குற?"ன்னு கேட்டா, "ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க சார்"ங்கறான். எதிர்ல நிக்கற ஒன்ன எழுப்பறதுக்கு ஆபீசுக்குப் போன் பண்ணணுமா? அதுவும் திட்டத் தொடங்கி மூஞ்சி பழகறதுக்குள்ள ஆள மாத்திர்றாங்க. போன வாரம் நான் கோவமாத் திட்டினது ஒருத்தன, மன்னிப்புக் கேட்டது இன்னொருத்தன்கிட்ட.

ஷ்ஷ்! மேல பாருங்க... அந்த இடுக்குல, நாலாவது மாடித் தரை தெரியுதில்ல? கால் தெரியுதா? பழுப்பு ஷூ! அவன்தான்! மெக்கானிக்கேதான்! இவன் எப்படி இங்க?

ஓகோ... புரிஞ்சு போச்சு. நாலாவது மாடி டீச்சரம்மா வீட்ல இப்பக் கூட்டம் நடக்குது தங்கச்சி. அடுத்த செயலாளர் யாருன்னு கை தூக்கப் போறாங்க. நான் போய் நின்னா நான், போகலைன்னா அந்தம்மா. அந்தம்மாவுக்கு இவன மறுபடி நிரந்தரம் பண்ணணுமாம். அதான் கூப்பிட்டு வச்சு டீ குடுத்திருக்கு.

டேய்! டேய் மெக்கானிக்கு! கீழ குனிஞ்சு பாருடா!

...கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "அண்ணே, அவசரமா, சாதாரணமா?"ங்கறான்! சாதாரணம்னா நாளைக்குக் காலையில வரேங்கறான்! டேய், நான் எழுதினத எனக்கே வாசிக்கிறியாடா? கையில டீ கிளாஸ் வேற. உள்ள எல்லாரும் சிரிக்கிறது கேக்குது பாருங்க.

தங்கச்சி, நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். கொஞ்சம் மயக்கம் வந்த மாதிரி சாஞ்சுக்கங்க. வேண்டாமா? இல்ல, மயக்கமும் சாதாரணத்துலதான் வருது. அதையும் நான்தான் சேர்த்தேன். சே!

வெரலத் தூக்குறீங்களே, பள்ளிக்கூடத்துல தூக்கற மாதிரி... இருங்கம்மா, யோசிக்க விடுங்க. நீங்க என்ன, ஒரு நாப்பத்தஞ்சு இருப்பீங்களா? இல்ல இல்ல, சொல்லாதீங்க! பொம்பளைங்ககிட்ட வயசு கேக்காதன்னு எங்க வீட்டம்மா என்னத் திட்டித் திட்டிப் பழக்கி வச்சிருக்கு. காலையில நீங்க ஷூ மாட்டிட்டு ஓடறதப் பாத்தேன், சின்னப் புள்ளை மாதிரி.

காதக் குடுங்க, ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு அறுபத்து மூணு.

ஆமா. இந்தக் கட்டடத்துல எல்லார்கிட்டயும் அம்பத்தேழுன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தலை, மீசையெல்லாம் வாரா வாரம் சாயம். அப்ப சொல்லிட்டு வெளிய போக வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன். கணக்கு வாத்தியார எறக்கறதுக்காக நான் ஒரு தீர்மானம் கொண்டாந்தேன். அறுபது தாண்டினவங்க செயலாளரா இருக்கக் கூடாதுன்னு. இப்ப நான் அறுபத்து மூணுன்னு கத்தினா லிஃப்ட் கதவு தொறக்கும், பதவிக் கதவு மூடிக்கும். கத்தலைன்னா விடியற வரைக்கும் நானும் நீங்களும் இந்தச் செடியும்தான்.

என்ன பெரிய பதவின்னு தோணும். எங்க வீட்டம்மாவும் அதான் கேக்கும். தங்கச்சி, நான் பாக்காத வேலை கெடையாது. மொத வேலை ஒரு மரக்கடையில, சாப்பாடு மட்டும். அதுக்குப் பேரு வேலை இல்ல, "தொழில் கத்துக்கிறான்". மூணு வருஷம் பெருக்கக் கத்துக்கிட்டேன். அப்புறம் தினக்கூலி. விடியறதுக்கு முன்னால போய் வரிசையில நிக்கணும். மேஸ்திரி வெரல நீட்டிட்டே வருவாரு, நீ, நீ, நீ... வெரல் எனக்குக் கிட்ட வரும், என்னத் தாண்டி அடுத்தவன் மேல போய் நிக்கும். அப்புறம் கமிஷனுக்கு அலைஞ்சேன். வித்தாத்தான் காசு, விக்கலைன்னா செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம். இப்ப சொந்தத் தொழில். முதலாளியும் நானே, முதலாளிகிட்ட ஏச்சு வாங்கறவனும் நானே, லீவு கேட்டா இல்லைங்கறவனும் நானே!

கீழ லிஃப்ட் பக்கத்துல ஒரு போர்டு பாத்திருப்பீங்க. எம்பேரு, பக்கத்துல செயலாளர்னு. ஒரு எடத்துல எம்பேர எழுதி ஆணி அடிச்சது அதான் மொத தடவ. எங்க வீட்டம்மாவுக்குத் தெரியாம நானே தொடைப்பேன் அத.

அட, ஏன் தரையில உக்காந்துட்டீங்க? முட்டி வலிக்குதா? இந்த வயசுலயேவா! புது வீட்டுக்கு வந்தவங்கள இப்படிக் கூண்டுல அடைச்சு வச்சிருக்கேனே... மொகமெல்லாம் வாடிப் போச்சு. அங்க என்ன சத்தம்? கூட்டத்துல கை தூக்கச் சொல்றாங்க போல. அந்தப் பய தோள்ல பைய மாட்டிட்டுக் கெளம்பறான் வேற!

போதும். போர்டாவது ஒண்ணாவது. எனக்காக இல்ல தங்கச்சி, உங்களுக்காக. காதப் பொத்திக்கங்க.

டேய் மெக்கானிக்கு! அவசரம்டா! எனக்கு அறுபத்து மூணு! ஆமாடா, அறுபத்து மூணு! டீச்சரம்மா, நல்லாக் கேட்டுக்கங்க, தலையில இருக்கறது சாயம்! நீங்களே செயலாளரா இருங்க! வாத்தியார் சார், அங்க இருந்தா நீங்களும் கேட்டுக்கங்க, உங்களுக்குப் போட்ட அதே தீர்மானம்தான் எனக்கும்!

அப்பாடி... சிரிக்கிறாங்க. கை தட்றாங்க. யாரோ விசில் அடிக்கிறாங்க, வாத்தியார்தான் அது. பரவால்ல. நெஞ்சு லேசாயிருச்சு. வாரா வாரம் சாயம் வாங்கற செலவு மிச்சம்.

இப்பச் சொல்லுங்க தங்கச்சி. அப்பலேர்ந்து வெரலத் தூக்கிட்டே இருந்தீங்களே, என்ன?

என்னது?

இன்னொரு தடவ சொல்லுங்க.

அறுபத்தஞ்சா? உங்களுக்கா? ஆவணியிலயே முடிஞ்சிருச்சா?

ஐயோ அக்கா! அக்கா! ஏன்க்கா மொதல்லயே சொல்லல? சொல்ல விட்டேனா... ஆமா, விடல. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நான் வாய மூடியிருந்தா... டேய் மெக்கானிக்கு! நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்டா! அவசரம் நான் இல்ல, அக்காதான்! எனக்கு அம்பத்தேழுதான்!

செல்லாதாம். எல்லாரும் கேட்டுட்டாங்களாம். சிரிக்காதீங்கக்கா, செடி விழுந்துரப் போகுது.

சரிடா, கேளு. செயலாளராச் சொல்லல, மாட்டிக்கிட்டவனாச் சொல்றேன். மொதல்ல இருந்தியே, அந்த ஸ்டூலு, அந்தப் பேப்பரு, அந்த நிரந்தரம்... அதுக்கு என் கையையும் சேர்த்து எண்ணிக்கச் சொல்லு டீச்சரம்மாவ. நீ சும்மா உக்காந்திருக்கறதுதான்டா வேலை! ஸ்டூலு நானே என் கடையிலேர்ந்து தரேன், முதுகு சாஞ்சுக்கற மாதிரி நாற்காலியாவே தரேன். ரேட்டெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்... இல்ல, பேசவே வேண்டாம்! டீய வச்சிட்டு வாடா. வந்து தொறடா! எனக்கில்ல, எங்க அக்காவுக்குத் தொற!