விசா மிக்கேல்

இரவு பதினொன்றே கால். ஒரத்தநாட்டிலிருந்து வரும் கடைசி பஸ் ஊர்த் திருப்பத்தில் நிற்காமலே போய்விடும்... இறங்க ஆள் இருந்தால்தானே? திருப்பத்திலிருந்து ஊருக்குள் ஒற்றைச் சாலை. இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் வயல். விளக்குக் கம்பம் உண்டு. விளக்கு அடுத்த தேர்தலுக்கு வரும்.

அந்தச் சாலையில்தான் அந்தச் சத்தம்... சக்கரம் வைத்த சூட்கேஸ் சரளைக்கல்லில் உருளும் சத்தம். ட்ர்ர்ர்... நிற்கும். கை மாற்றிக்கொள்வது போல ஒரு நொடி. மறுபடி ட்ர்ர்ர்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும். இது நம் கிளாட்சனுடைய அத்தை வீட்டில் நடந்தது. அவனே சொன்னான். மற்ற விஷயங்களில் அவன் பொய் சொல்வான். இதைச் சொல்லும்போது மட்டும் வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்துவிடுவான்.

அத்தை பெயர் ஆரோக்கியம். மாமா சவரிராஜ். ஒரே மகன் லியோ. தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பியபோது லியோவுக்கு வாய்த்தது நைஜீரியா. ஓனிச்சா என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. மாமாவுக்கு அதில் குறைதான். யார் கேட்டாலும், “லண்டன் வழியாப் போயிருக்கான்” என்று மட்டும் சொல்வார். மாடி வீடு எழும்பிய பிறகு ஆப்பிரிக்காவும் கௌரவமாகிவிட்டது.

இரண்டாவது லீவில் லியோ ஒரு மரச்சிலை கொண்டுவந்தான். ஒரு முழ உயரம். தலையில் இரண்டு கொம்பு, வலது கையில் கத்தி. இகெங்கா என்று பெயர். அங்கே இக்போ மக்கள், ஓர் ஆண்பிள்ளை சொந்தக் காலில் நின்றால் அவனுக்கென்று ஒன்று செதுக்குவார்களாம். அவனுடைய வலது கையின் பலம் அதற்குள் இருக்கிறதாம். கூட வேலை பார்த்த எமேகா, தன் பெரியப்பாவிடம் சொல்லி லியோவுக்கென்றே செதுக்க வைத்தது.

“அங்கயே இப்ப இதை யாருப்பா வச்சிருக்கா?” என்றான் லியோ. “பாதிப் பேரு சாத்தான்னு எரிச்சுட்டாங்க. மீதிப் பேரு வெள்ளைக்காரனுக்கு வித்துட்டாங்க. கம்பெனி காலண்டர்ல மட்டும் அழகாப் படம் போடுறான். எமேகா ஞாயித்துக்கிழமை பூசைக்கு முதல் ஆளா நிப்பான். ஆனா அவன் பீரோவுக்குள்ளயும் இதுல ஒண்ணு இருக்கு.”

ஷோகேஸ் இருக்கும்போது பீரோ எதற்கு? மாமா அதை நடுக்கூடத்தில் வைத்தார். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்னங்க சவரிராஜ்... கொம்பு?”

“கொம்பில்லங்க சாமி, ரெக்கை. அந்த ஊர்ல மிக்கேல் சம்மனசை இப்படித்தான் செய்வாங்க. பாருங்க, கையில வாள்.”

சாமியார் யோசித்தார். வாளேந்திய தேவதூதர்தானே மிக்கேல். பிறகு அதன்மேலும் தீர்த்தம் தெளித்தார்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் பக்கத்துத் தெரு ஃபிளோரா, மகனுக்கு விசா வரவில்லை என்று அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். விசா வந்துவிட்டது. சிலைக்கு ‘விசா மிக்கேல்’ என்று பெயரும் வந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பாஸ்போர்ட்டைக் கொம்பில் ஒற்றி எடுத்துப் போனார்கள். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு நாட்டின் தூதரைப் போல உட்கார்ந்திருந்தார். லியோ போனில் சிரித்தான். “அப்பா, அது என்னுதுப்பா. ஊருக்கே குடுத்துட்டீங்களே.”

மறு வருஷம் லியோ அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். பெண் பார்த்து வைத்திருந்தார்கள்.

சவப்பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். அத்தை மகன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய சூட்கேஸ் தனியாக வந்தது. அதையும் யாரும் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது... பஸ் போய் ஓய்ந்த பிறகு. ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... கேட் வரை வரும். கொண்டி ஒருமுறை ஆடும். அப்புறம் வாசனை. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறந்ததும் வருமே, சோப்பும் சென்ட்டும் கலந்து... அது. அதற்கு அடியில் மெல்லிசாக, ஆஸ்பத்திரி வாசனை. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. சூட்கேஸோ கட்டிலுக்கு அடியில், பூட்டியபடி.

துணைக்கு வந்து தங்கியிருந்த கிளாட்சன்தான் எமேகாவின் போனை எடுத்தான். எமேகா துக்கம் விசாரித்துவிட்டு, சிலையை உடைத்துவிட்டீர்களா என்று கேட்டான். ஆள் போய்விட்டால் அதை இரண்டாகப் பிளக்க வேண்டுமாம். ஒரு பாதி அவனோடு மண்ணுக்குள். மறு பாதியை வீட்டைவிட்டுத் தூரமாக எறிந்துவிட வேண்டும். முழுசாக இருக்கும்வரை அந்தக் கைக்கு ஓய்வில்லை. செத்தது தெரியாமல் உழைத்துக்கொண்டே இருக்கும். சொல்லிவிட்டு எமேகா போனிலேயே அழுதான்.

மாமா கேட்டதும் துள்ளிவிட்டார்.

“ஊரே மெழுகுவர்த்தி ஏத்துற சுரூபம்டா! சம்மனசைக் கோடாலியால வெட்டுனா நாளைக்கு நான் கோயில் பக்கம் தலைகாட்ட முடியுமா?”

“அது சம்மனசு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா?”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதுல்ல?”

செத்த பிள்ளையைவிட இவருக்குப் பவிசு பெரிசாகப் போய்விட்டதே என்று கிளாட்சனுக்கு ஆத்திரம். யாருக்கும் தெரியாமல் தானே எடுத்துப் பிளந்துவிடுவது என்று அன்றிரவு எழுந்தான். கூடத்துக்கு வந்தால் வாசல் கதவு திறந்திருக்கிறது. வெளியே கேட்டும் திறந்திருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருக்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது போடுவாரே, அது.

“சத்தம் போடாதடா. அவன் வர்ற நேரம்.”

“தினமும் இப்படியா உக்கார்றீங்க?”

“லீவுல வந்தப்பல்லாம் அவனை ஊருக்குக் காட்டுறதுலயே இருந்துட்டேன்டா. கூட உக்காந்து ஒரு வேளை சோறு திங்கல... இப்பதான் தினம் வர்றான். அதைப் போய் வெட்டச் சொல்றீங்க.”

ட்ர்ர்ர்... இருட்டில் சக்கரம் உருண்டது. நின்றது. உருண்டது. நின்றது. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டீங்களாங்க? முன்னயெல்லாம் ஒரு இடத்துலதான் நின்னு கை மாத்துவான். இப்ப நாலடிக்கு ஒருக்க நிக்கிறான். பிள்ளை அசந்து போயிட்டான்ங்க. விட்டுருங்க அவனை.”



விடிந்ததும் மாமாவே வெட்டினார். கொம்புகளுக்கு நடுவில் ஒரே போடு. மரம் பிளக்கும் சத்தம் இல்லை... ரொம்ப நேரம் அடக்கிய மூச்சை யாரோ விட்டது போல இருந்ததாம். இடது பாதியைக் கல்லறையில் புதைத்தார்கள். கத்தி பிடித்த வலது பாதியைத் துண்டில் சுற்றி, “நான் மட்டும் போறேன்” என்று மொபெட்டில் புதுஆற்றுப் பக்கம் போய்விட்டு வந்தார். அன்று பாஸ்போர்ட்டோடு வந்தவர்களிடம், “சம்மனசு வர்ணம் பூச ரோமாபுரிக்குப் போயிருக்கு” என்றார். அவர்களும் நம்பினார்கள். சொல்லும்போது அவர் குரல் உடைந்ததைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு ராத்திரி ஒன்றும் இல்லை. அத்தை குறட்டை விட்டுத் தூங்கினாள். மூன்றாம் ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. பஸ் போயிற்று. கிளாட்சன் கண்ணை மூடினான்.

டொக்...

சக்கரச் சத்தம் இல்லை. ஷூ சத்தம். அப்புறம் நீளமாக ஒரு இடைவெளி. டொக்... மறுபடியும் அதே கால். அடுத்த கால் ஊன்றும் சத்தமே வரவில்லை. எதையோ பிடித்துக்கொண்டு, நொண்டி... டொக்...

அத்தை விளக்கைப் போட்டாள். மாமா படுக்கை காலி. தலையணைக்கு அடியில் லியோவின் பனியன். அதற்குள், கத்தி பிடித்த அந்த வலது பாதி.

அத்தை கத்தவில்லை. மாமா நின்ற கேட்டடிக்குப் போனாள்.

“என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க... பிள்ளையைப் பாதியா நடக்க வச்சுட்டீங்களே...”

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் இருட்டுக்குள் நடந்தார்.

காலையில் கிளாட்சன் பார்த்தான். ஈர மண்ணில் மாமாவின் வெறுங்கால் தடம் இரண்டும். அதை ஒட்டி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வந்தது போல, ஒரு வலது கால் ஷூவின் தடம். கேட்டைத் தாண்டி, வாசல்படி ஏறி, வீட்டுக்குள் போயிருந்தது. அந்த ஷூ வெளியே வந்த தடம்... இல்லை.