மருதம்மாளுக்கு மாலை வேண்டாம்

மாரியம்மன் கோயில் வாசலில் மாவிலை கட்டி, மேசை போட்டு, இந்தப் பஞ்சத்திலும் மேசைக்கு ஒரு விரிப்புத் தேடிப் பிடித்து விழா நடத்தும் அவைத் தலைவர், லூனாஸ் மளிகைக்கடை முதலாளி சீனிவாசகம் அவர்களே! உடம்பில் சதை கரைந்தாலும் உள்ளத்தில் மானம் கரையாமல், கோணிச்சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையையும் காய்ச்சலையும் சேர்த்துச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சப்பான்காரனுக்குச் சயாம் ரயில் பாதை போடப் போன பிள்ளைகள் உட்கார வேண்டிய காலி இடங்களே! உங்கள் எல்லோருக்கும், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பல்லுதிர்ந்த இந்த ராமையாவின் வணக்கம்.

சப்பான் துரை வர நேரமாகும் போலிருக்கிறது, அதுவரை நாலு வார்த்தை பேசிக்கொண்டிருங்கள் என்று தலைவர் சொன்னார். நேரத்தை நிரப்புவதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். கருப்பட்டி மடித்த பத்திரிகைத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவன். ஆனால் நாலு வார்த்தையோடு நிறுத்துகிறவன் அல்ல.

யாரது சிரிப்பது? சிரி அப்பா. இந்தத் தோட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா மருதம்மாள் இதோ இந்த நாற்காலியில், உட்காரவும் தெரியாமல் எழுந்திருக்கவும் தெரியாமல் இருக்கிறாளே, அவளுக்கு மாலை போட்டு, ‘மருத்துவ மாதரசி’ என்று பட்டம் கொடுப்பதற்காக. அதையும் சப்பான் துரையின் கண் முன்னால் கொடுப்பதற்காக. நல்ல எண்ணம்தான். இங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. போன தைப்பொங்கலன்றும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை!

ஞாபகம் இருக்கிறதா அந்தப் பொங்கல்? இதே வாசல், இதே மேசை. நாற்காலியில் நம் டிரஸ்ஸர் பரஞ்சோதி. புண்ணைக் கழுவிக் கட்டுவார், காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பார், பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எண்ணும்போதே எவன் கண் மஞ்சளாக இருக்கிறது என்று பார்த்துவிடுவார். அவ்வளவுதான் அவர். அது போதாதா? நமக்குப் போதவில்லை! மேடை ஏறினால் நமக்கு நாக்கு அடங்குவதில்லை. ஒருவர் அவரை டாக்டர் என்றார். அடுத்தவர் மகா டாக்டர் என்றார். தலைவர் எழுந்து, மலாயா முழுவதும் தேடினாலும் கிடைக்காத மருத்துவ மாமேதை என்றார். துரை பக்கத்தில் இருந்த துபாஷி ஒன்று விடாமல் மொழிபெயர்த்தான். துரை திரும்பி, ‘இவர் டாக்டரா?’ என்று கேட்டார். நம் தலைவர் என்ன சொன்னார்? முகமெல்லாம் பல்லாக, ‘ஆமாங்க மாஸ்டர், பெரிய டாக்டர்!’

துரையும் கை தட்டினார். அந்த வாரமே லாரி வந்தது.

‘ஐயா, நான் டிரஸ்ஸர், டாக்டர் இல்லை’ என்று பரஞ்சோதி கை கூப்பிச் சொன்னதை நான் கேட்டேன். ‘உன் சனங்களே மாலை போட்டுச் சொன்னார்களே’ என்று துபாஷி சிரித்ததையும் கேட்டேன். சயாமில் ரயில் பாதைக் கூலிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுகிறார்களாம், டாக்டர் வேண்டுமாம். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி உமையாள் நம்மையெல்லாம் பார்த்து ஒன்று கேட்டாளே, அது இன்னும் யார் காதிலாவது இருக்கிறதா? ‘இவரை டாக்டருன்னு யாருய்யா சொன்னது? சொன்னவங்க இப்ப வந்து இல்லைன்னு சொல்லுங்களேன்!’

யார் போய்ச் சொன்னோம்? யார் வாய் திறந்தது? சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் ரயில் ஏறியவர்தான் பரஞ்சோதி. அதற்குப் பிறகு சேதி இல்லை.

‘ராமையா, பழசைக் கிளறாதய்யா’ என்கிறார் தலைவர். பழசா? ஆறு மாதம் ஆகவில்லை! நீங்கள் அங்கேயே உட்காருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன். நான் இறங்குவதாக இல்லை.

ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் என்று நினைத்தோம். நம் முதல் தவறு அது. வெள்ளைக்கார டாக்டர் மாதம் ஒரு முறை காரில் வந்தார், கதவோரம் நின்று பார்த்தார், போனார். சப்பான் குண்டு விழுந்ததும் ஒரேயடியாகப் போனார். நம்மைக் காப்பாற்றி வந்தது யார்?

குழந்தைவேலு வந்திருக்கிறாயா? கையைத் தூக்கு. போன வருஷம் உனக்கு வயிற்றுக் கடுப்பு வந்ததே, நீ வெளியே சொன்னாயா? வெட்கப்பட்டு மறைத்தாய். கக்கூஸ் வாளி எடுக்கிற அம்மாசி வாளியில் ரத்தத்தைப் பார்த்தார். மருதம்மாளிடம் சொன்னார். அவள் உன் லயத்து வீட்டுக்கு வந்து, ‘ஏன்டா, செத்த பொறவு சொல்லலாம்னு இருந்தியா?’ என்று திட்டி இழுத்துப் போனாள். பரஞ்சோதி மருந்து கொடுத்தார். ஆஸ்பத்திரி அடுப்படியில் பாப்பம்மா, அவள் பங்கு அரிசியைப் போட்டு உனக்குக் கஞ்சி காய்ச்சினாள். கொசுவுக்கு எண்ணெய் அடிக்கிற முனியாண்டி உன் வீட்டுப் பின்னால் தேங்கிய சாக்கடையை வெட்டிவிட்டார். இதில் எவர் டாக்டர்? எவரும் இல்லை. எவர் இல்லாவிட்டால் நீ இன்று கை தூக்கியிருப்பாய்? எவர் இல்லாவிட்டாலும் தூக்கியிருக்க மாட்டாய்! சரி, கையை இறக்கு.

அப்படிக் கைக்குக் கை கொடுத்து நின்றவர்கள் இன்று எங்கே? பரஞ்சோதி சயாமில். எண்ணெய் தீர்ந்த பிறகும் மண்வெட்டியோடு அலைந்த முனியாண்டியை, ‘சாக்கடை வெட்டுறதெல்லாம் ஆஸ்பத்திரி வேலையா?’ என்று கேட்டுக் மரவள்ளிக் கிழங்குக் காட்டு வேலைக்கு விரட்டினார்கள். தண்ணீர் தேங்கியது. கொசு குடிவந்தது. இன்று எந்த வீட்டில் குளிர்காய்ச்சல் நடுக்கம் இல்லை, சொல்லுங்கள். பாப்பம்மா காய்ச்சலில் கிடந்து காலமானாள். அவளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இருந்ததா?

அம்மாசி? அதோ, அந்தப் பால்மரத்தடியில் தனியாக நிற்கிறார். பொங்கலன்று அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. இன்றும் கூப்பிடவில்லை. அந்த அலட்சியம்தான் அவரை நமக்கு மிச்சம் வைத்திருக்கிறது! நாம் மதித்தவரை லாரி கொண்டுபோயிற்று. நாம் மதிக்காதவர் மரத்தடியில் உயிரோடு நிற்கிறார். இதை எண்ணி மகிழ்வதா, மார்பில் அடித்துக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நோய் பார்க்க மிஞ்சியிருப்பவள் இந்த மருதம்மாள் ஒருத்தி. கந்தல் துணியை வெந்நீரில் போட்டுப் புண்ணுக்குக் கட்டுகிறாள். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து இல்லாத காலத்தில் நிலவேம்பை இடித்துக் கொடுக்கிறாள். பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டுகிறாள், பெரியவர்கள் செத்தாலும் குளிப்பாட்டுகிறாள். பொங்கலுக்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளை அவள் கை படாமல் பிறந்தது? என் மருமகள் புஷ்பவள்ளிக்கு இது நிறைமாதம். என் மகனும் சயாமில். ‘ராமையா சுயநலத்தில் பேசுகிறான்’ என்று முணுமுணுப்பவர்கள் உரக்கவே சொல்லுங்கள். ஆம், சுயநலம்தான்! பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் உயிரில் எனக்குச் சுயநலம் இருக்கிறது.

இவளை மேடையேற்றி, மாலை போட்டு, மாதரசி என்று துரையிடம் காட்டினால் என்ன நடக்கும்? சயாமில் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு ஆயா வேண்டாமா? லாரியில் பெண்களுக்கு இடம் இல்லையா?

மருதம்மாள் என்னவோ சொல்கிறாள். ‘அண்ணே, நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன். வார்டுல ரெண்டு பேருக்குக் கட்டுப் பிரிக்கணும். இவங்கதான் சேலையெல்லாம் குடுத்து உட்கார வெச்சாங்க.’ கேட்டீர்களா? கட்டுப் பிரிக்க வேண்டியவளைக் கட்டி வைத்திருக்கிறோம்!

ஆகவே ஒன்று கேட்கிறேன். துரை வந்து கேட்பார். என்ன பதில் சொல்வீர்கள்? எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். இங்கே டாக்டர் உண்டா?

இல்லை!

டிரஸ்ஸர் உண்டா?

இல்லை!

மருந்து கலக்க, கஞ்சி காய்ச்ச, சாக்கடை வெட்ட ஆள் உண்டா?

இல்லை!

பிள்ளைப்பேறு பார்க்க, புண் கழுவ யாராவது உண்டா?

ஏன் சத்தம் வரவில்லை? தாய்மார்கள் பக்கம் ஏன் தலை குனிகிறது? முன்னே சொன்ன ‘இல்லை’யெல்லாம் உண்மை. இது ஒன்றுதான் பொய். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மருதம்மா, இறங்கு. அந்த நல்ல சேலை மேல் ஒரு சாக்கைச் சுற்றிக்கொள். பெண்களோடு பெண்ணாகக் கலந்து பின்பக்கமாகப் போய்விடு. அழாதே. நன்றி கெட்டவர்கள் என்று எங்களைத் திட்டிக்கொண்டே போ. நாளைக்கும் திட்டிக்கொண்டே வா.

போய்விட்டாளா? போகட்டும். இப்போது சொல்லுங்கள். பிள்ளைப்பேறு பார்க்க ஆள் உண்டா?

இல்லை!

நன்று. இப்படியொரு நன்று சொல்ல நேர்ந்ததே என்று என் நெஞ்சு வேகிறது. செய்தவர்களை இல்லை என்று சொல்லித்தான் காக்க வேண்டிய காலம் இது. இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு லாரி வரும். இன்னொரு காரணம் வரும். காட்டிக் கொடுக்கிறவன் இந்தக் கூட்டத்திலேயே இருப்பான். இருந்தால், அப்பா, உன் பெண்டாட்டியும் ஒரு நாள் வலியெடுத்துக் கிடப்பாள், அதை மட்டும் நினைத்துக்கொள்.

தலைவர் என் வேட்டியை இழுக்கிறார். ‘துரை வந்து பாராட்டு யாருக்குன்னு கேட்டா நான் என்னய்யா சொல்றது? பாராட்டுன்னு மட்டும்தான் தொரைகிட்ட சொல்லியிருக்கேன், ஆளு பேரு இன்னும் சொல்லல!’ என்கிறார்.

சொல்லவில்லையா? உங்கள் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் வந்த நல்ல வார்த்தை இதுதான் முதலாளி! அப்படியானால் பாராட்டு எனக்கு. இந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். பால் வெட்டி முதுகு கூனிய கிழவன், இடது கண்ணில் புரை, வலது காலில் ஆறாத புண். டாக்டர் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள், மாமேதை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நம்பிக் கொண்டுபோனாலும், லாரியில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்தச் சிரமம் அவர்களுக்கு இருக்கட்டும்.

சாலை வளைவில் கார் சத்தம் கேட்கிறது. பெரியோர்களே, கேட்டதற்கு நன்றி. தாய்மார்களே, கடைசியில் பொய் சொன்னதற்கு உங்களுக்கு ஆயிரம் நன்றி. மரத்தடியில் நிற்கும் அம்மாசிக்கு என் கும்பிடு. இந்த மண்ணில் யாருக்கும் வளையாத கழுத்து இது. தலைவர் அவர்களே, மாலையை எடுங்கள். குனிகிறேன்.

வணக்கம்.